ஸ்ரீ சயாஜிராவ் கெய்க்வார் மகாராஜாவும் தொழிலாளர் கல்வியும்

நாம் சிறுவராயிருந்த நாளில் நம் சுற்றத்தாருள் தச்சு வேலையில் மிகத் தேர்ந்த முதியவர் ஒருவர் இருந்தார். மரத்தை விரலால் தட்டிப் பார்த்தே உள்ளே பழுதுண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார். முழக்கோலும் மூலைமட்டமும் அவருக்கு மற்றும் இரண்டு விரல்கள் போன்றன. ஆயினும், கட்டிட வேலை ஒன்றை ஒப்புக்கொண்டபோது குத்தகைக்காரர் நீட்டிய சீட்டில் எழுதியிருந்தது இன்னதென்று அறியாமல் பெருவிரல் ரேகையை வைத்துவிட்டு, எட்டு மாதம் பாடுபட்டு ஐந்து மாதக் கூலியே பெற்றார். தொழிலில் அவரை ஒருவரும் ஏய்க்க முடியாது, தாளில் ஏய்த்துவிட்டார்கள். இத்தகையவருக்கு எழுத்தையும் கணக்கையும், தொழிலின் புதிய நுட்பங்களையும் கற்பிக்கும் செலவு யாரைச் சேர்ந்தது? அவரையா, அவரிடம் வேலை கொள்ளும் முதலாளியையா, அல்லது அவரிடமும் வரி வாங்கும் சர்க்காரையா? இக்கேள்விக்கு ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் தம் கஜானாவைக்கொண்டு விடையளிக்க முயன்றவர் பரோடா சமஸ்தானத்தை ஆண்ட மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வார் மகாராஜா ஆவார். அவருடைய சரித்திரத்தில் அந்தப் பகுதியை மாத்திரம் விரித்தும், ஏனையவற்றைச் சுருக்கியும் நம் சங்க அன்பர்களுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் இங்கே எழுதுகின்றோம்.

மகாராஜா அரண்மனையில் பிறந்தவரல்லர். நாசிக் ஜில்லாவைச் சேர்ந்த காவ்லானா என்னும் சிற்றூரில், காசிராவ் என்ற விவசாயியின் மகனாக 1863-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11-ஆம் தேதி பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கோபாலராவ். கெய்க்வார் வம்சத்தின் ஒரு கிளையைச் சேர்ந்த குடும்பமாயினும், அந்த வம்சப் பெருமை அவர்கள் வயலில் ஏர் பூட்டுவதற்கு உதவவில்லை. பரோடாவை ஆண்ட மல்ஹார்ராவ் 1875-இல் பதவியினின்று நீக்கப்பட்டார். அவருக்கு முன் ஆண்ட கண்டேராவின் விதவையாகிய ஜம்னாபாய் மகாராணிக்கு ஒரு பிள்ளையைச் சுவீகாரம் எடுத்துக்கொள்ளும் உரிமை கிடைத்தது. அதன்பொருட்டு உறவின் முறையில் வரவழைக்கப்பட்ட சிறுவருள் கோபாலராவும் ஒருவர். எதற்காக வந்தாய் என்று வினவப்பட்டபோது, ராஜ்யம் ஆள்வதற்காக என்று சிறிதும் அஞ்சாமல் அவர் விடையிறுத்ததாக ஒரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், 1875 மே 27-ஆம் தேதி அவர் சுவீகாரம் எடுக்கப்பட்டுச் சயாஜிராவ் என்னும் திருநாமம் பெற்றார்.

அப்போது அவருக்கு வயது பன்னிரண்டு. படிக்கவும் எழுதவும் தெரியாது. இச்செய்தியை அன்பர்கள் சற்று நின்று கவனித்தல் வேண்டும். பன்னிரண்டு வயதிற்குள் நம் பிள்ளைகள் ஐந்தாறு வகுப்புகளைக் கடந்துவிடுகின்றனர். அவரோ, ஒரு சமஸ்தானத்துக்கு அதிபதியான பின்னர்தான் முதலெழுத்தைத் தொட்டார். 1875 இறுதியில் எலியட் என்னும் ஆங்கிலேய உத்தியோகஸ்தர் ஆசிரியராக நியமிக்கப்பட்டார். மராத்தி, குஜராத்தி, உருது, ஆங்கிலம் ஆகிய நான்கு பாஷைகளையும் ஒருங்கே பயில வேண்டியிருந்தது. தொடக்கத்தில் மிக்க துன்பமாயிருந்ததென்றும், பையன் மந்த புத்தியுள்ளவனோ என்று சிலர் ஐயுற்றனர் என்றும் அறிகின்றோம். வளர்ந்த பின் எழுத்துக் கற்பவர் படும் வருத்தமும் வெட்கமும் எத்தகையன என்பதைப் புத்தகத்தில் படித்தறிந்த அரசர் பலர் இருக்கலாம். உடம்பால் அறிந்தவர் இவர். அவருடைய படிப்புக்கு ஆன செலவு முழுவதும் குடிகளின் நிலவரியிலிருந்து வந்தது என்பதும் உண்மையே.

அவர் சிறுவராயிருந்த காலத்தில் ராஜ்ய பாரத்தைத் திவானாக இருந்து தாங்கியவர் நம் கும்பகோணத்திற் பிறந்த ஸர் டி. மாதவராவ் அவர்கள். திருவனந்தபுரத்திலும் இந்தூரிலும் திவான் பதவி வகித்துப் பெயர் பெற்ற அப்பெரியார், 1875 முதல் 1882 வரை பரோடாவில் சீர்குலைந்திருந்த வரவு செலவையும் நியாய ஸ்தலங்களையும் ஒழுங்குபடுத்தியதோடு, இளவரசருக்கு அரசநெறியைப் பற்றித் தொடர்ச்சியாக உபந்நியாசங்களும் செய்தார். தமிழ்நாட்டுத் தொடர்பு மற்றொன்றும் உண்டு. 1880-இல் மகாராஜா மணந்துகொண்ட முதல் மகாராணி தஞ்சாவூர் மராத்தியக் குடும்பத்துப் பெண். அவருடன் தஞ்சையிலிருந்து சதிர்க் கச்சேரியாரும் பரோடா சென்றனர். அந்த அம்மையார் 1885-இல் இளவயதிலேயே காலமானார். இஃது நம் விஷயத்தைச் சேர்ந்ததன்றாயினும், நம் குடும்பப் பெண்டிர் அறிய விரும்புவரெனக் கருதிக் குறித்தோம்.

1881 டிசம்பர் 28-ஆம் தேதி, பதினெட்டாம் வயதில், மகாராஜா முழு அதிகாரமும் ஏற்றார். அவர் கைக்கு வந்த சமஸ்தானம் ஒரே நிலப்பரப்பாக இருக்கவில்லை. பரோடா, கடி, நவசாரி, அம்ரேலி என்ற நான்கு பிராந்தங்களாகப் பிரிந்து, இடையிடையே பிரிட்டிஷ் நிலமும் பிற சிற்றரசர் நிலமும் கலந்து, துண்டு துண்டாய்க் கிடந்தது. அத்தகைய நாட்டில் ஒரு சட்டத்தை எங்கும் செலுத்துவது எவ்வளவு கடினமென்பதைச் சொல்ல வேண்டா. ஆயினும் அதிகாரமேற்ற ஓரிரண்டு வருஷங்களுக்குள், தீண்டாதார் எனத் தள்ளப்பட்ட வகுப்பாரின் பிள்ளைகளுக்குச் சமஸ்தானச் செலவில் தனிப் பள்ளிக்கூடங்கள் திறக்கப்பட்டன. அவற்றில் கற்பிக்க மேற்குல இந்து ஆசிரியர்கள் முன்வராமையால், முஸ்லிம்களையும் பின்னர் ஆரிய சமாஜத்தாரையும் தேடி நியமிக்க வேண்டியதாயிற்று. பணம் இருந்தும் ஆசிரியர் கிடைக்கவில்லை. கஜானாவால் ஆகாத காரியம் சில உண்டென்பதை மகாராஜா முதன்முதல் கண்டது இவ்விடத்திலேயாகலாம்.

இனி 1890-ஆம் ஆண்டிற்கு வருவோம். அவ்வாண்டு பரோடா நகரில் கலாபவனம் என்னும் தொழிற்கல்விச் சாலை ஸ்தாபிக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் திரிபுவனதாஸ் கல்யாண்தாஸ் கஜ்ஜர் என்பவர். இவர் சூரத்தில் 1863-இல், அதாவது மகாராஜா பிறந்த அதே ஆண்டில், தச்சர் குலத்தில் பிறந்தவர். கஜ்ஜர் என்னும் பெயரே தச்சு வேலையைக் குறிப்பதாம். இரசாயன சாஸ்திரம் கற்றுப் பரோடா கலாசாலையில் ஆசிரியராயிருந்தார். குலத்தொழிலின் கையும், புதுச் சாஸ்திரத்தின் கண்ணும் ஒருவரிடமே அமைந்திருந்தன. அந்நாளில் ஐரோப்பாவிலிருந்து, சிறப்பாக ஜெர்மனியிலிருந்து, இரசாயனச் சாயங்கள் வந்து குவிந்தன. அவுரியையும் மஞ்சிட்டியையும் கொண்டு தலைமுறை தலைமுறையாகச் சாயமேற்றி வந்தவர்களுக்கு அப்புதுச் சாயங்களின் அளவும் பக்குவமும் புரியவில்லை. டப்பியின்மேல் அச்சிட்டிருந்ததை வாசிக்கத் தெரிந்தாலன்றோ அளவு தெரியும்? தந்தை சொல்லித் தந்த கைப்பக்குவம் ஒரே தலைமுறையில் பழங்கதையாகும் நிலை வந்துற்றது.

கஜ்ஜர் இதற்குக் கண்ட வழி யாதெனின், தொழிலாளிகளின் பிள்ளைகளுக்கு அவர்களுடைய சொந்தப் பாஷையிலேயே சாஸ்திரத்தைக் கற்பிப்பதாம். இங்கிலீஷ் கற்று வந்த பின்பே இரசாயனம் என்றால், ஒரு சாயக்காரன் பிள்ளை ஆயுள் முழுவதும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். ஆகவே கலாபவனத்தில் சாயமேற்றல், நெசவு, தச்சு, சித்திரம், யந்திர வேலை முதலியன குஜராத்தியில் போதிக்கப்பட்டன. அதற்குரிய நூல்கள் இல்லாமையால் அவற்றை எழுதுவிக்கவும், சாஸ்திரச் சொற்களுக்குச் சுதேச பாஷைச் சொற்களை வகுக்கவும் மகாராஜா பொருளுதவி செய்தார். இதை ஒரு தருமச் சத்திரம் போன்றதென எண்ணுதல் கூடாது. சாலை போடுவதும் குளம் வெட்டுவதும் எவ்வாறு சர்க்காரின் கடமையோ, அவ்வாறே தொழிலாளியின் கையைத் திருத்துவதும் கடமையெனக் கொண்டு, ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் அதற்கு இடம் வைத்தனர். அங்கே சித்திரமும் போட்டோ எடுத்தலும் பயின்ற மாணவருள் ஒருவரே, 1913-இல் இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படம் எனப் போற்றப்படும் படத்தைத் தயாரித்த தாதாசாகேப் பால்கே ஆவார்.

கஜ்ஜர் அங்கே நீண்ட காலம் இருக்கவில்லை. சில ஆண்டுகளில் உத்தியோகத்தைவிட்டுப் பம்பாய் சென்று, அங்குத் தாமே ஓர் இரசாயனச் சாலை அமைத்துப் பல மாணாக்கரைத் தயாரித்தார். அவருடைய மாணாக்கர் மூலம் உண்டான தொழிற்சாலைகளுள், 1907-இல் தொடங்கப்பட்டுப் பரோடாவில் வேரூன்றிய அலெம்பிக் மருந்துச் சாலையும் ஒன்று. எனினும் அவர் எண்ணியபடி சுதேச பாஷைகளிலே உயர்ந்த சாஸ்திரக் கல்வி முழுவதையும் நடத்தும் மகாசபை ஒன்று உருவாகவில்லை. நம் எண்ணத்தில் பரோடாவின் பெருமுயற்சிகளுள் அரைகுறையாய் நின்றுபோனதும், நின்றிருக்கக் கூடாததும் இதுவேயாம்.

தொழிற்சாலையில் சேரவும் ஓரளவு எழுத்தறிவு வேண்டுமன்றோ? கலாபவனம் திறந்து மூன்று ஆண்டுகள் சென்றபின், 1893-இல், அம்ரேலித் தாலுகாவில் சில கிராமங்களில் இலவசக் கட்டாய ஆரம்பக் கல்வியைப் பரீக்ஷார்த்தமாக ஏற்படுத்தினர். பிறகு அதைச் சிறிது சிறிதாக விரிவாக்கி, 1906-இல் சமஸ்தானம் முழுவதற்கும் சட்டமாக்கினர். ஆண் பிள்ளைகள் ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையிலும், பெண் பிள்ளைகள் ஏழு முதல் பத்து வயது வரையிலும் பள்ளிக்குச் செல்ல வேண்டும், செலவு சர்க்காருடையது, அனுப்பாத பெற்றோருக்கு அபராதம். இந்தியாவில் ஒரு பெரிய சமஸ்தானம் முழுவதும் இவ்வாறு செய்தது இதுவே முதன்முறை. 1911-இல் கோபால கிருஷ்ண கோகலே அவர்கள் ராஜாங்க சட்டசபையில் ஆரம்பக் கல்வி மசோதாவைக் கொண்டுவந்தபோது, இந்தியாவில் இஃது இயலுமென்பதற்குப் பரோடாவைச் சாட்சியாகக் காட்டினார். பணமில்லை என்ற காரணம் முதலிய பலவற்றைச் சொல்லி அம்மசோதா மறு ஆண்டில் தள்ளப்பட்டது. பிரிட்டிஷ் கஜானாவைவிடப் பரோடாக் கஜானா பெரிதாயிருந்ததோ என்று அக்காலத்திற் பலர் நகைத்திருப்பர்.

ஆயினும் சட்டம் எழுதுவது எளிது. மாடு மேய்க்கும் சிறுவனைப் பள்ளியில் இருத்துவது எளிதன்று. 1899-லும் 1900-லும் குஜராத்தை வாட்டிய கொடிய பஞ்சத்தில் மக்கள் மடிந்தும் ஊரைவிட்டு அகன்றும், 1891-இல் சுமார் 24 லட்சமாயிருந்த சமஸ்தானத்து ஜனத்தொகை 1901-இல் 20 லட்சத்திற்கும் கீழே இறங்கிவிட்டது. அத்தகைய காலத்தைக் கடந்த குடியானவனுக்குப் பிள்ளையின் இரண்டு கைகளும் வீட்டின் மூலதனமாயிருந்தன. அபராதம் கட்டியும் பிள்ளையை வயலில் நிறுத்திக்கொண்ட வீடுகள் இருந்தன. ஏழையிடம் அபராதம் வாங்கி அவனுக்குக் கல்வி கொடுப்பது எவ்வகை நியாயம் என்று கேட்டோரும் உண்டு. கேள்வி சரியானதே. படிப்புச் சம்பளத்தை நீக்கினால் கல்வி இலவசமாகிவிடாது. பிள்ளை படிக்கும் நேரத்தில் இழக்கும் கூலியும் கல்விச் செலவைச் சேர்ந்ததே. அந்தக் கூலியை ஈடு செய்யப் பரோடாவும் முழு வழி காணவில்லை.

மற்றொரு சங்கடமும் தோன்றியது. பள்ளியைவிட்டு நீங்கிக் கலப்பை பிடித்தவனும் தறியில் அமர்ந்தவனும் சில வருஷங்களில் எழுத்தை மறந்துபோயினர். படிப்பதற்குக் கிராமத்தில் ஒரு தாள் கூட இல்லையானால், படித்த படிப்பு எவ்வாறு நிற்கும்? வயல் கிணற்றில் நீர் இறைக்காவிட்டால் ஊற்றுக்கண் தூர்ந்துபோவதை நம் பெரியோர் அறிவர். இக்குறையை நீக்கவே மகாராஜா புத்தகசாலைகளின்பால் கருத்தைச் செலுத்தினார். 1906-லும் 1910-லும் அமெரிக்கா சென்றபோது அங்கே பொதுப் பணத்தில் நடக்கும் இலவசப் புத்தகசாலைகளில் தொழிலாளிகள் மாலைநேரத்தில் அமர்ந்து படிப்பதை நேரிற் கண்டிருந்தார். வில்லியம் போர்டன் என்னும் அமெரிக்கரை 1910-இல் வரவழைத்துச் சமஸ்தானத்துக்கே ஒரு புத்தகசாலை இலாகாவை உண்டாக்கினார். தம் அரண்மனை நூல்கள் சுமார் 20,000-ஐ அதற்கு அளித்தார்.

இதில் பணம் திரட்டிய முறை நம்மவர் கவனிக்கத்தக்கது. ஒரு கிராமத்தார் புத்தகசாலை வேண்டுமென்று ஒரு பங்கு தொகை சேர்த்தால், ஜில்லா போர்டு ஒரு பங்கும், சமஸ்தானம் ஒரு பங்கும் சேர்க்கும். ஊரார் தம் பங்கைக் கொடுத்தபடியால் புத்தகசாலை எங்களுடையது என்னும் உரிமை ஏற்பட்டது. மூன்றில் ஒரு பங்கே கொடுத்தபடியால் ஏழைக் கிராமமும் கேட்க முடிந்தது. புத்தகசாலை வைக்க வசதியில்லாத ஊர்களுக்கு மரப்பெட்டிகளில் நூல்களை அடுக்கி அனுப்பினர். போக வர வண்டிச் சத்தமும் ஊரார் தலையில் விழாது. ஓரூரில் படித்து முடிந்ததும் அந்தப் பெட்டி அடுத்த ஊருக்குப் போகும். அறவே எழுத்தறியாதவருக்கு மாய விளக்குப் படங்களையும், பின்னர்ச் சினிமாப் படங்களையும் காட்டி விஷயங்களை விளக்கினர். பெண்டிருக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பகுதிகள் அமைந்தன. பள்ளிக்கூடத்தோடு சர்க்காரின் பொறுப்புத் தீர்ந்ததென்று எண்ணாமல், கலப்பை பிடித்தவனையும் தேடிப் பெட்டி அனுப்பிய இச்செயலே மகாராஜாவின் காரியங்கள் எல்லாவற்றிலும் நாம் மிகவும் வியப்பது.

தொழில் செய்வோர் தொழிலைக் கற்றே செய்ய வேண்டும் என்னும் கொள்கையை அவர் புரோகிதர்களிடமும் செலுத்தினார். 1915-இல் இயற்றிய சட்டத்தின்படி, வைதிகச் சடங்குகளை நடத்தி வைப்போர் பரீக்ஷையில் தேறி அனுமதிப் பத்திரம் பெறல் வேண்டும். கொத்தனுக்கும் சாயக்காரனுக்கும் பயிற்சி வேண்டுமென்றபோது புன்னகையோடு கேட்டவர்கள், இதைக் கேட்டுச் சினந்தனர். பெண்டிர்க்கெனத் தையல் முதலிய கைத்தொழில்களைக் கற்பிக்கும் உத்தியோகாலயம் இரண்டாவது மகாராணி சிம்னாபாய் அவர்கள் பெயரால் 1914-இல் ஏற்பட்டது. அந்த அம்மையாரே 1927-இல் புனாவில் கூடிய முதல் அகில இந்திய மாதர் மகாநாட்டுக்குத் தலைமை வகித்தவர்.

சமஸ்தானப் பணத்தால் படித்தவருள் உலகம் அறிந்த பெயர் டாக்டர் அம்பேத்கருடையது. பம்பாயில் பி.ஏ. படிக்கையில் மாதம் 25 ரூபாயும், 1913 முதல் நியூயார்க்கு நகரத்துக் கொலம்பியா சர்வகலாசாலையில் படிக்க மூன்றாண்டுகளுக்கு மாதம் பதினொன்றரைப் பவுனும் பரோடாவிலிருந்து கிடைத்தன. அதற்கீடாகச் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்ப்பதாக அவர் ஒப்பந்தம் செய்துகொண்டார். 1917-இல் அதை நிறைவேற்ற அவர் பரோடாவுக்கு வந்து சேர்ந்தார். அந்நகரில் அவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் வேறு பெயரில் தங்கியிருந்து, குலம் வெளிப்பட்டதும் தடியேந்தியவர்களால் வெளியேற்றப்பட்டார். அலுவலகத்தில் அவர் கையில் கொடுக்க மனமின்றிச் சேவகர்கள் காகிதங்களை எறிந்தனர். சில நாட்களிலேயே அவர் பம்பாய் திரும்பிவிட்டார். கடல் கடந்து கற்பிக்கும் அளவுக்குப் பொருள் வழங்கிய கஜானா, தன் தலைநகரிலேயே ஒரு திண்ணையை வாங்கித்தர முடியாமற்போயிற்று. இதனை மறைத்து மகாராஜாவைப் புகழ நம் மனம் ஒப்பவில்லை. இதனைச் சொல்லி, அப்பொருளை வழங்கியது வீணென்று கூறவும் ஒப்பவில்லை. அந்தப் பணம் விளைத்ததை இந்நாட்டின் அரசியல் சட்டத்தில் காண்கின்றோம்.

மகாராஜாவின் பிற செயல்களும் பலவுண்டு. 1908-இல் பரோடா பாங்கி தோன்றியது. 1911-ஆம் ஆண்டு டில்லி தர்பாரில் சக்கரவர்த்தியின் முன்னிலையில் அவர் முறைப்படி வணங்கவில்லையென்று பெரும் கூச்சல் எழுந்தது. ஆண்டில் பல மாதம் ஐரோப்பாவில் கழிக்கின்றார் என்னும் குறையும் சொல்லப்பட்டது. அதில் உண்மை இல்லாமலில்லை. இவற்றை வேறொரு சமயம் எழுதலாம். அறுபத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிங்காதனத்தில் இருந்து, 1939 பிப்ரவரி 6-ஆம் தேதி அவர் பம்பாயில் காலகதி அடைந்தார்.

பத்தாண்டுகள் கழித்து, 1949-இல், சமஸ்தானம் பம்பாய் மாகாணத்துடன் இணைந்தது. அதே ஆண்டில் அவர் பெயரால் பரோடாவில் சர்வகலாசாலை ஏற்பட்டு, கலாபவனம் அதன் பொறியியற் பகுதியாயிற்று. இன்று அங்கே பட்டப் படிப்பில் சேரப் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல எண்கள் வேண்டும்; பாடமும் ஆங்கிலத்தில் நடக்கின்றது. கஜ்ஜர் தச்சர் பிள்ளைகளையும் சாயக்காரர் பிள்ளைகளையும் அமர்த்திக் குஜராத்தியில் இரசாயனம் சொல்லிக்கொடுத்த சாலையின் கட்டிடத்தில்தான் அது தொடங்கிற்று.